இரண்டரை மணி பஸ்ஸுக்கு எழுதிய செய்திகள்

நிருபர் வேலை என்றால் நடந்ததை எழுதுகிற வேலை என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். நடக்கப்போவதை நடந்ததாக எழுதுகிற வேலை என்பது சேர்ந்த மூன்றாம் நாள் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியிலிருந்து ஏழெட்டு வருஷம், கோயம்புத்தூரில் அச்சான ஒரு தினசரிக்கு மதுரையிலிருந்து செய்தி அனுப்பினேன். அரசியலுக்கும் கொலைக்கும் வேறு ஆள் இருந்தார். எனக்கு ஒதுக்கியது வளர்ச்சிச் செய்திகள். பாலம், குழாய், டெலிபோன், தெருவிளக்கு, புதிது புதிதாக வருகிற இயந்திரங்கள்.

குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்த வீட்டுக்காரர்களே, டெலிபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு அது வருவதற்குள் பேரன் எடுத்தவர்களே, உங்களுக்கெல்லாம் 'விரைவில்' என்று சொன்னவன் நான்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கும் என் பத்திரிகை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜில் எனக்கு மாடி அறை. மனைவி பஞ்சவர்ணம் கொட்டாம்பட்டிக்குப் பக்கத்து ஊரில் அவள் அப்பா வீட்டில் இருந்தாள். எங்கள் பத்திரிகை மதுரையில் பதிப்பு தொடங்கியதும் என் வேலை நிரந்தரம், அப்புறம் வீடு பார்த்து அவளை அழைத்து வருவது என்று ஏற்பாடு. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரம்தான். ஆனால் திறப்பு விழாக்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்துத் தொலைத்ததால், அந்தத் தூரத்தைக் கடக்க எனக்குச் சில சமயம் இரண்டு மாதம் ஆகும்.

பைக்குள்ளா, பலகையிலா

மத்தியானம் இரண்டரை மணிக்குக் கோயம்புத்தூர் போகிற பஸ்ஸின் கண்டக்டரிடம் செய்திக் கவரைக் கொடுத்தால்தான் மறுநாள் பேப்பரில் வரும். விழாக்களோ சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அதனால் அழைப்பிதழை முன்னால் வைத்துக்கொண்டு, 'நேற்று மாலை திறந்து வைக்கப்பட்டது' என்று பன்னிரண்டு மணிக்கே எழுதிவிடுவேன். மக்கள் திரளாகக் கூடியதும், அவர்கள் மகிழ்ச்சி தெரிவித்ததும் எல்லா விழாவுக்கும் பொது. சாயங்காலம் நான் அங்கே போவது, எழுதியபடி நடக்கிறதா என்று பார்க்கத்தான்.

பெரும்பாலும் நடந்துவிடும். ஒரு தடவை தெருவிளக்குத் திறப்பு விழா கரண்ட் இல்லாமல் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. பேப்பரில் 'இரவு பகலானது' என்று வந்தது. அதைப் படித்திருந்த கண்டக்டர் மறுநாள் என் கவரைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் கேட்டார்: "அண்ணே, இது நடந்த நியூஸா, நடக்கப்போற நியூஸா? நடந்ததுன்னா பைக்குள்ள பத்திரமா வச்சுக்கிறேன். நடக்கப்போறதுன்னா மேல பலகையில போட்டுக்கிறேன், கெட்டா போகும்?"

பால் பொங்கியது

சாணத்திலிருந்து எரிவாயு எடுத்துச் சமைக்கிற திட்டம் வந்த புதிது. மேலூர் தாண்டி ஒரு கிராமத்தில், விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டில், அதிகாரிகள் அடுப்பைப் பற்றவைத்துக் காட்டினார்கள். நீலமாக ஒரு தீ எழுந்து, இரண்டு தடவை இருமி, அணைந்தது. மறுபடி பற்றவைத்தார்கள், மறுபடி இருமியது. எல்லாரும் தொட்டியைப் பார்க்கப் பின்பக்கம் போய்விட்டு வந்தபோது, அடுப்பின் மேல் இருந்த பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்த விறகுக் கரியை நானும் பார்த்தேன், அதிகாரியும் பார்த்தார். இரண்டு பேரும் அந்தப் பாலில் போட்ட காப்பியைக் குடித்தோம்.

காலையிலேயே 'சில நிமிஷங்களில் பால் பொங்கியது' என்று எழுதி அனுப்பிவிட்ட எனக்கு அதில் குறை சொல்ல ஏதும் இல்லை. கிளம்பும்போது வீட்டுக்காரம்மாவிடம் மட்டும், இந்த அடுப்பு உங்களுக்கு உதவியாக இருக்குமா என்று கேட்டேன். அந்தம்மா டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "நல்லா எரியணும்னா அஞ்சு மாட்டுச் சாணி வேணுமாம்ல. அஞ்சு மாடு இருந்தா நான் ஏன்யா அடுப்புகிட்ட நிக்கப்போறேன்? சோறு பொங்க ஆள் வச்சுக்கிற மாட்டேனா?"

சுழற்றினால் டெல்லி

டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை, இனி நீங்களே எண்ணைச் சுழற்றி வெளியூர் பேசலாம் என்று அறிவிப்பு வந்ததும், அதைப் பற்றி ஒருவரிடம் கருத்துக் கேட்டு வாங்கி அனுப்பச் சொன்னார்கள். கே.கே. நகரில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் டெல்லியில். என் எதிரிலேயே சுழற்றினார். மகன் கிடைத்தான். சாப்பிட்டாயா, மழை உண்டா என்று கேட்டார். அவனும் அதையே திருப்பிக் கேட்டிருப்பான். வைத்துவிட்டார். என் கையில் இருந்த பேனாவின் மூடியை நான் கழற்றி முடிக்கவில்லை.

முன்பு பதிந்துவிட்டுக் காத்திருக்கும்போது அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்களாம். லைன் கிடைக்கிற வரைக்கும் மகனைப் பற்றியேதான் பேச்சாம். இப்போது யாரும் வருவதில்லை என்றார். பேப்பருக்கு என்ன போடட்டும் என்று கேட்டேன். "நல்ல வசதின்னு போட்டுக்கங்க தம்பி. முன்னெல்லாம் அவன்கூட மூணு நிமிஷம் பேச நாள் பூரா அவன் நெனப்பாவே இருப்பேன். இப்ப நெனைக்கிறதுக்குள்ள பேசி முடிஞ்சிருது."

அன்று அறைக்கு வந்து பஞ்சவர்ணத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தால், நலம், நலமறிய ஆவல், மதுரைப் பதிப்பு விரைவில். கிழவரைப் பார்த்துப் பரிதாபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது.

புள்ளிகள்

எங்கள் லாட்ஜுக்கும் டி.வி. வந்தது. மொட்டை மாடியில் நீளமான இரும்புக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப, ஒருவர் படிக்கட்டில் நின்று குரலைக் கடத்த, கீழே நாங்கள் "போச்சு, வந்துச்சு, போச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்போம். படம் என்று வந்தது புள்ளிகள்தான். அந்தப் புள்ளிகளுக்குள் யாரோ ஒரு அம்மா எங்களுக்குத் தெரியாத பாஷையில் செய்தி வாசித்தார். இதற்குத்தான் நான் 'வீட்டுக்குள் உலகம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன்.

எல்லாரும் சலித்துப்போய் எழுந்து போய்விட்டார்கள். தினமும் ஒவ்வொரு ஊராகப் போய் விதை விற்கிற கம்பெனிப் பிரதிநிதி ஒருவர் மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். என்னதான் தெரிகிறது என்று கேட்டேன். "மூஞ்சி தெரியலண்ணே. ஆனா நம்மளப் பாத்து ஒரு ஆள் பேசுதுல்ல? இன்னிக்கு வெதை வெலையக் கேக்காம எங்கிட்டப் பேசுன மொத ஆள் இதுதான்." நானும் ஒரு நாற்காலியை எடுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

எங்கள் பதிப்பு

'மதுரைப் பதிப்பு விரைவில்' என்று எங்கள் பத்திரிகையே முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டது. ஊரில் எவன் விரைவில் என்றாலும் நம்பாத நான் இதை நம்பினேன். அந்தச் சொல்லைத் தினமும் கையாள்கிறவனே நம்பினால் வேறு யாரைக் குறை சொல்வது? கே.கே. நகரில் வாசலிலேயே குழாய் உள்ள ஒரு வீட்டைப் பார்த்து வைத்தேன். பஞ்சவர்ணம் ஊரில் குடிதண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிறவள். குழாய் இருக்கிறது என்பதை மட்டும் அவளுக்கு நாலு வரி எழுதினேன்.

லாட்ஜ் மேனேஜரிடம் அறையைக் காலி செய்யப்போவதாகச் சொன்னேன். அவர் லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சந்தோசம் சார். ஒரு வாரம் முந்திச் சொல்லுங்க, போதும். போன தடவையும் இதத்தான் சொன்னேன், அதுக்கு முந்தின தடவையும் இதத்தான் சொன்னேன்."

முதல் குடம்

பஞ்சவர்ணத்தின் ஊருக்கே குடிநீர்த் திட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத் திறப்பு விழா. நானே போய்விடலாம், அவளையும் பார்த்த மாதிரி ஆகும் என்று திட்டம் போட்டிருந்தேன். அதே நேரத்தில் மதுரையில் இன்னொரு கட்டடத் திறப்புக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் உட்கார்ந்து வழக்கம்போல எழுதினேன். குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டது. முதல் குடத்தைப் பிடிக்க ஒரு பெண் வேண்டும். பெண் என்றதும் எனக்கு வேறு பெயர் வரவில்லை. 'முதல் குடம் நீர் பிடித்த பஞ்சவர்ணம் (வயது 26), என் கவலை இன்றோடு தீர்ந்தது என்றார்' என்று எழுதினேன். எழுதும்போது அவளைப் பக்கத்தில் பார்ப்பது போலச் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டரை மணி பஸ்ஸில் கொடுத்துவிட்டேன்.

அன்று மோட்டார் புகைந்துவிட்டது. திறந்து வைக்க வரவேண்டியவரும் வரவில்லை. காலிக் குடங்களோடு ஊர் கலைந்துபோனது. மறுநாள் பேப்பர் போனது. அந்த ஊரில் பஞ்சவர்ணம் ஒருத்திதான். கிணற்றடிக்குப் போனால், உனக்குத்தான் குழாய் வந்துவிட்டதே, இங்கே உனக்கு என்ன வேலை என்று வழிமறித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மாமனார் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு லாட்ஜுக்கே வந்துவிட்டார். திட்டவில்லை. மாப்ள என்று கூப்பிட்டுவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை என் முன்னால் விரித்து வைத்தார். நான் கோயம்புத்தூருக்குப் பேசித் திருத்தம் போடச் சொன்னேன். திருத்தம் எதற்கு, தண்ணீர் விரைவில் வந்துவிடும், வந்ததும் செய்தி தானாகச் சரியாகிவிடும் என்றார்கள்.

அவரோடேயே பஸ் ஏறினேன். பதிப்பாவது மண்ணாவது, லாட்ஜ் அறையானாலும் சரி, அன்றே அவளைக் கையோடு அழைத்து வந்துவிடுவது என்றுதான் போனேன். பஞ்சவர்ணம் தட்டை எடுத்து வந்தாள். சோறு போட்டாள். சொம்பில் தண்ணீர் வைத்தாள். அது எத்தனை பேச்சு வாங்கிக்கொண்டு வந்த தண்ணீர் என்று எனக்குத் தெரியும். குடிக்க முடியவில்லை, குடிக்காமல் எழவும் முடியவில்லை. கிளம்பு, போகலாம் என்றேன். ரோடு வரைக்கும் வந்தாள். கையில் பெட்டி இல்லை. பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாயைத் திறந்தாள்: "தண்ணி வராததுகூடப் போகட்டும். என் கவல தீந்துச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்க. எனக்கு என்ன கவலன்னு ஒரு நாளாச்சும் எங்கிட்டக் கேட்டீங்களா?"

அதற்குப் பிறகு நான் எழுதிய எந்தச் செய்தியிலும் யாருடைய கவலையும் தீரவில்லை, என்னுடையதும் சேர்த்துத்தான்.