பஞ்சநாதன் மாமாவின் பம்பர்

எங்கள் பஞ்சநாதன் மாமாவை ஓட்டலுக்குக் கூட்டிப்போவது ஒரு தண்டனை. சர்வர் வந்து "தோசையா, பொங்கலா?" என்று கேட்டால் மாமா என் முகத்தைப் பார்ப்பார். "நீ இன்னா சாப்புடுற மச்சான்?" என்பார். நான் சொன்னதையும் நம்பாமல், பக்கத்து மேசைக்காரரிடம் பொங்கல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். மகள் பிறந்து ஏழு மாதம் பெயர் வைக்கவில்லை மனுஷன். தடுப்பூசி போட வந்த நர்ஸ் கோபம் வந்து தானே எழுதிக்கொண்ட பெயர்தான் மோகனப்பிரியா.

என் அக்கா வெண்மதியைப் பெண் பார்க்க மூன்று முறை வந்தார். மூன்று முறையும் பஜ்ஜியைத் தின்றுவிட்டு "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனார். பொறுத்துப் பார்த்த எங்கள் அப்பா, தானே தேதி குறித்து ஆள் அனுப்பினார். மாமா மறுபேச்சில்லாமல் வந்து தாலி கட்டினார். அதிலிருந்து இருபத்தாறு வருஷமாக அந்த வீட்டில் எல்லா முடிவும் அக்காதான்.

மாமாவுக்கு ஒரு மினி பஸ் உண்டு. சிதம்பரத்துக்கும் குமராட்சிக்கும் ஓடுகிறது. அவர் டிரைவர், நான் கண்டக்டர். போன வருஷம் அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. வந்தது. திங்கட்கிழமை வண்டியை அதிகாரியிடம் காட்டித் தகுதிச் சான்று வாங்கியாகவேண்டும். வாங்காவிட்டால் பஸ் ஷெட்டில் நிற்கும். நான்கு நாள் நின்றால் எங்கள் ஜனங்கள் அடுத்த பஸ்ஸில் ஏறிப் பழகிவிடுவார்கள். அப்புறம் நாங்கள் இரண்டு குடும்பமும் தெருவில்தான்.

எல்லா வேலையும் முடிந்து முன்பக்க பம்பர் மட்டும் பாக்கி. வருஷா வருஷம் மழைத் தண்ணீரில் ஓடி அது சொறி பிடித்துக் கிடந்தது. பெயிண்டர் தங்கராசு, "ரெண்டு மணி நேரத்துல கறுப்பு அடிச்சித் தர்றேன். உரிஞ்சா அடுத்த வருஷமும் அடிச்சிக்கலாம்" என்றார். கடலூர் சிப்காட் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜெயப்பிரகாஷோ, "பவுடரைத் தூவி அடுப்புல வேக வச்சுட்டா வருஷக்கணக்கா அசையாதுண்ணே. ஆனா அடி பட்டு பேந்துச்சுன்னா சும்மா ஒட்டுப்போட முடியாது, முழுசா சுரண்டி மறுபடி வேக வைக்கணும்" என்றார்.

அவ்வளவுதான், பிடித்தது சனி! பதினோரு நாள் மாமா தூங்கவில்லை. பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் கேட்டார். நாற்று நடப்போன பெண்கள் பெயிண்ட் என்றார்கள். அண்ணாமலை நகர் மாணவர்கள் பவுடர் என்றார்கள். கணக்கு சரிசமமாக வந்ததும் மாமா முகம் வாடிவிட்டது. "நீதான் சொல்லேன் மச்சான்" என்றார். "ஐயோ மாமா, ரெண்டுல ஒண்ணப் பண்ணித் தொலைங்க!" என்று டிக்கெட் புத்தகத்தை சீட்டில் அடித்தேன். அப்படிப் பேசியிருக்கக்கூடாது. 

சனிக்கிழமை இரவு அக்கா, "பவுடர்" என்று ஒரே வார்த்தையில் முடித்தாள். வழியில் இவர் மனசு மாறிவிடக்கூடாது என்று ஞாயிறு காலை அவளும் எங்களோடு கடலூர் வந்தாள். ஜெயப்பிரகாஷ் எங்களுக்காகவே பட்டறையைத் திறந்தார். பம்பரைச் சுத்தம் செய்து, கொக்கியில் தொங்கவிட்டு, கறுப்புப் பவுடரை ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தார். அடுப்பு சூடாகட்டும் என்று எங்களை டீ குடிக்கக் கூட்டிப்போனார். அக்கா வரவில்லை.

நாங்கள் திரும்பியபோது பம்பர் அடுப்புக்குள் போவதற்குத் தயாராக இருந்தது. அதன் முகப்பு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் தள்ளினார், வேக வைத்தார், வெளியே இழுத்துத் திருப்பினார். திருப்பியவர் வாயைப் பிளந்து நின்றார். பளபளவென்ற கறுப்புக்கு நடுவே மூன்று கோடு, வெறும் இரும்பு தெரிய! கோட்டின் நடுவே கருகிய ஒரு பொட்டு.

"நெருப்புக்குள்ள போவுதே, வெறுமனே எப்படி அனுப்புறதுன்னு..." என்று அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பையிலிருந்த விபூதியை மூன்று விரலால் பட்டை போட்டு, குங்குமமும் வைத்திருக்கிறாள். வேகாத பவுடர் மாவு மாதிரி. தொட்ட இடத்தில் வந்துவிடும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"மறுபடி பண்ணணும்னா பொதன்கிழமை ஆவும்" என்றார் ஜெயப்பிரகாஷ். "அவசரத்துக்கு அந்த எடத்துல மட்டும் கறுப்புப் பெயிண்ட் தொட்டு வுட்டுறலாம்."

"அதப் பண்ணுங்க!" என்று நான் கத்தினேன். அக்கா அழுதுகொண்டிருந்தாள். எல்லா முடிவையும் சரியாக எடுத்தவள், ஒன்றில் தவறிவிட்டாள் என்று அப்படி ஓர் அழுகை. 

மாமா பம்பரைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். நான் என் முகத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"கறுப்பு வேணாம். வெள்ளப் பெயிண்ட் குடு" என்றார்.

"மாமா, நாளைக்கு எஃப்.சி! அதிகாரி ஏதாவது சொன்னா வண்டி நின்னுபோவும்!"

"நிக்கட்டும்" என்று பிரஷ்ஷை வாங்கி, அக்கா விரல் போன வழியிலேயே மூன்று கோட்டையும் வெள்ளையாகத் தீட்டினார். பொட்டுக்குச் சிவப்பும் கேட்டு வாங்கினார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை அதிகாரி பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார், பம்பருக்கு முன்னால் வந்து நின்றார். "என்னய்யா இது, வண்டிக்குப் பட்டை?" என்றார். "டிசைன் சார்" என்று சொல்ல நான் வாயெடுத்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"எங்க வூட்டுக்காரம்மா கை வச்ச எடம் சார். அத மறைக்க எனக்கு மனசு வரல."

அதிகாரி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் தாளில் கையெழுத்துப் போட்டார். பஸ்ஸுக்குள் முதல் சீட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கவேண்டும். மாமா சான்றிதழோடு ஏறி, "எந்த வழியா போலாம் வெண்மதி?" என்று கேட்டார். "உங்க இஷ்டம்" என்றாள் அக்கா.