பூசாத வீடு

எங்கள் வீட்டில் உள்ள ஒரு புகைப்படத்தின் கீழ்மூலையில் ஆரஞ்சு நிற எண்களில் ’94 1 1 என்று தேதி விழுந்திருக்கிறது. அதை நம்பக்கூடாது. அந்தக் கேமராவுக்கு பாட்டரி மாற்றிய பிறகு யாரும் தேதி வைக்கவில்லை. எங்கள் குடும்பப் படங்கள் எல்லாமே அந்த ஒரே புத்தாண்டு நாளில் எடுத்தவையாக நிற்கின்றன. படத்தைத் திருப்பினால் பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: “வீடு. பூச்சு இல்லை. கடலூர், 2007.” இதை நம்பலாம். ‘பூச்சு இல்லை’ என்பதை அப்பா குறையாக எழுதவில்லை. பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவதுபோல எழுதியிருக்கிறார்.

அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மஞ்சக்குப்பத்து நூலகத்திலிருந்து அவர் கொண்டுவந்த புத்தகங்களில் பாதி, உலகில் யார் யார் எதைக் கட்டினார்கள் என்பதைப் பற்றியவை. எகிப்தில் முதல் பிரமிடைக் கட்டியவரைப் பிற்காலத்தில் தெய்வமாகவே கும்பிட்டார்கள் என்பார். தஞ்சைப் பெரிய கோயிலின் பெருந்தச்சனுக்குக் கல்வெட்டில் இடம் கிடைத்திருக்கிறது என்பார். எல்லோரையும்விட அவர் மனம் தங்கியது, கேரளத்தில் குடியேறிச் செங்கல்லைச் செங்கல்லாகவே விட்டுச் சுவர் எழுப்பிய ஒரு வெள்ளைக்காரரிடம். நல்ல செங்கல்லை சிமென்ட்டால் மூடுவது, நல்ல முகத்தில் முகமூடி மாட்டுவது என்பது அப்பாவின் கட்சி. அப்படித்தான் எங்கள் வீடும் எழுந்தது. செங்கல்லை நிமிர்த்தி வைத்து, நடுவே வெற்றிடம் விட்ட சுவர்கள். ஜன்னலுக்குப் பதிலாகப் பல இடங்களில் செங்கல்லுக்கு இடையே ஓட்டைகள். உள்ளே வெயில் இறங்கவில்லை. கொசு தாராளமாக இறங்கியது.

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். “என்ன சார், இன்னும் முடிக்கலியா?”

“முடிஞ்சிடுச்சுங்க. இதான் வீடு.”

கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். பாவம், காசு தீர்ந்துவிட்டது என்று அந்த முதுகிலேயே எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் பூசாத வீட்டுக்கு ஒரே பொருள்தான். கட்ட ஆரம்பித்தவன் பாதியில் நொடித்துப்போய்விட்டான்.

இதனால் அடிபட்டது அத்தை. அப்பாவின் தங்கை; தனியார் பள்ளியில் ஆசிரியை. எங்களோடுதான் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் காபி குடித்துவிட்டுப் போய், பிறகு பேச்சே எடுக்கவில்லை. இரண்டாவது குடும்பம் சொன்னது தரகர் வழியாக வந்து சேர்ந்தது: “வூட்டுக்கே பூச வக்கில்லாதவங்க பொண்ணுக்கு என்னாத்தப் போடப் போறாங்க?” அத்தை அதைக் கேட்டுவிட்டுப் பள்ளி நோட்டுகளைத் திருத்தப் போய்விட்டாள். அம்மாதான் ராத்திரி வரை பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

2008 தையில் மூன்றாவது வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் சிதம்பரம். இந்த முறை அத்தை ஒரே புடவையை இரண்டு தடவை இஸ்திரி போட்டதை நான் பார்த்தேன். பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமாவைத் தனியாக நேரில் போய் அழைக்காவிட்டால் அவர் வரமாட்டார், அவர் வராவிட்டால் எதுவும் நடக்காது என்று தரகர் எச்சரித்திருந்தார். அதனால் சனிக்கிழமை காலையில் அப்பா வெற்றிலை பாக்கு பழத்தோடு சிதம்பரத்துக்குக் கிளம்பினார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். “நீயும் கூடப் போ. சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி உங்கப்பா இந்த வூட்டுக்குள்ள காலு வெக்கக் கூடாது.”

“ஏன்?”

“முன்சொவத்தப் பூசப்போறேன். கொத்தனாரு வராரு. வாயத் தொறந்த, அவ்ளோதான்.”

ஐந்தாம் வகுப்பு படிக்கிறவளிடம் அத்தையின் கல்யாணத்தையே ஒப்படைத்தால் அவள் எப்படி பஸ்ஸில் நிம்மதியாக உட்காருவாள்? ஆலப்பாக்கம் தாண்டும்வரை அப்பாவின் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். நான் பயந்ததுபோலவே தாய்மாமா வீட்டு வேலை சட்டென்று முடிந்துவிட்டது. வெற்றிலைச் சாறு நிறைந்த வாயோடு அவர் தலையை மட்டும் அசைத்தார். பத்தரை மணிக்கு நாங்கள் தெருவில் நின்றோம். அப்பா பஸ் நிலையம் இருக்கும் பக்கம் திரும்பினார்.

“அப்பா,” என்றேன், “கோயில் கோபுரத்த யாரு கட்னாங்க?”

மீனுக்குத் தூண்டில் தேவைப்படவில்லை. தண்ணீரைக் காட்டியதுமே குதித்துவிட்டது. கட்டுவித்த அரசர்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கட்டியவர்களைப் பற்றி யார் கேட்கிறார்கள் என்று தொடங்கினார். வடக்குக் கோபுர வாசலுக்குள், அதை எழுப்பிய தச்சர்களின் உருவங்களே அளவுகோலோடு செதுக்கப்பட்டிருப்பதாக எங்கோ படித்திருக்கிறாராம். “தேடுவமா?” என்றார். தேடுவோம் என்றேன்.

வாசலின் இருட்டில் கழுத்து வலிக்க நின்றோம். ஆடுகிறவர்கள் வரிசை வரிசையாக இருந்தார்கள். காலைத் தூக்கியவர், இடுப்பை ஒடித்தவர். அளவுகோல் வைத்தவரைத்தான் காணோம். ஒரு உருவத்தின் கையில் குச்சிபோல ஏதோ தெரிந்ததும் அப்பா, “இவருதான்” என்றார். செருப்பு பார்த்துக்கொள்கிற அம்மாள் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தாள். “அது யாரோ சாமி சார். கும்பிட்டுட்டுப் போங்க” என்றாள். அப்பா கும்பிட்டார். ஆனால் நகரவில்லை.

மதியம் நடை சாத்தினார்கள். கோபுர நிழலிலேயே உட்கார்ந்தோம். வெளிநாட்டில் ஒரு பெரிய தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்த மேதையை டிராம் வண்டி இடித்ததையும், கசங்கிய உடையைப் பார்த்து அவரைப் பிச்சைக்காரர் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்துவிட்டதையும் அப்பா சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா சிரிக்கவில்லை. நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்தோம். பசித்தது, தின்றோம். மறுபடி பசித்தது. கல் சுட்டது. வீட்டில் கொத்தனார் வந்தாரோ இல்லையோ, மணல் வந்ததோ இல்லையோ என்று அப்பாவின் கடிகாரத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் பொறுப்பெல்லாம் மறந்துபோய், “போலாம்பா, போரடிக்குது” என்று நானே சொல்லிவிட்டேன்.

“இரு பாப்பா. இன்னொரு சுத்து பாத்துட்டுப் போவம்” என்றார்.

தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு வந்து சேர்ந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. முன்சுவரில் பூச்சு முடிந்து, ஈரம் காயும் முன்பே சுண்ணாம்பும் அடித்திருந்தார்கள். அங்கங்கே வெளுத்தும் அங்கங்கே கறுத்தும், தேமல் விழுந்த முகம்போல வீடு எங்களைப் பார்த்தது. அம்மா வாசலில் நின்றிருந்தாள். சண்டைக்குச் சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “தோசைக்கு மாவு இருக்கா?” என்று கேட்டபடி உள்ளே போனார். அம்மா செருகிய முந்தானையோடு அப்படியே நின்றாள்.

மறுநாள் அவர்கள் வந்தார்கள். முன்சுவர் ஏறக்குறையக் காய்ந்திருந்தது. அத்தை வந்து வணங்கினாள். மாப்பிள்ளை அவளிடம் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் பதில் சொன்னாள், அவர் இன்னொன்று கேட்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் தாய்மாமா வெற்றிலை எச்சில் துப்ப வீட்டின் பக்கவாட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

“என்னா மச்சான், வூடு முன்னாடி மட்டும் சட்ட போட்டுக்கினு நிக்குது? பின்னாடி வெறும் ஒடம்பாக் கெடக்கே!”

யாரும் சிரிக்கவில்லை. எங்குமே பூசாத வீட்டுக்காவது அப்பாவிடம் ஒரு கொள்கை இருந்தது. ஒரு பக்கம் மட்டும் பூசிய வீட்டுக்கு என்ன கொள்கை சொல்வது? காசு எந்த இடத்தில் தீர்ந்ததென்று சுண்ணாம்பில் கோடு கிழித்துக் காட்டியதுபோல ஆகிவிட்டது. அம்மாவின் முகம் செத்துவிட்டது. அத்தை காபி டம்ளர்களைத் தேவையில்லாமல் அடுக்கினாள்.

கேரளத்து வெள்ளைக்காரர் இப்போது அப்பாவின் பேச்சில் வருவார் என்று நான் காத்திருந்தேன். வெற்றிடச் சுவர் வரும், முகமூடி வரும், தாய்மாமா வாயடைத்துப்போவார்.

அப்பா எழுந்து நின்றார். “ஆமாங்க. கை கொஞ்சம் இறுகிப்போச்சு. சித்திரைக்குள்ள முழுசும் பூசிடுவேன். உங்ககிட்ட மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

“பொய்யி!” என்றேன். “அப்பாதான் பூச வேணாம்னாரு!” அத்தை என் கையைப் பிடித்து சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளே நின்று கேட்டேன். தாய்மாமா சிரித்தார். “பாத்தியா மச்சான், இல்லன்னா இல்லன்னு நேரா சொல்றாரு. இந்தக் காலத்துல யாரு சொல்றா? எனக்குப் புடிச்சிருக்கு.”

ஒரு வருடம் உண்மையைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை; ஒரே ஒரு பொய்யைக் கேட்டு அப்பாவுக்கு உண்மையானவர் என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். பங்குனி போகட்டும் என்று சித்திரையில் முகூர்த்தம் வைத்தார்கள். அதற்குள் நான்கு பக்கமும் பூசியாயிற்று. செங்கல் ஓட்டைகளை அடைத்து ஜன்னல் வைத்தார்கள். கொசு குறைந்தது, உள்ளே வெயில் ஏறியது. வேலை நடந்த நாட்களில் அப்பா நூலகத்திலேயே இருந்தார். வெற்றிலை போடுகிற ஒரு மனிதரிடம் இப்படித் தோற்றுவிட்டாரே என்று நான் அவரோடு சரியாகப் பேசவில்லை. யாரும் அவரைத் தோற்கடிக்கவில்லை என்பது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

இதை எழுதத் தொடங்கியபோது, அந்தச் சனிக்கிழமை எந்தத் தேதி என்று அறிய, முன்சுவரைப் பூசிய கொத்தனாரிடம் போனில் பேசினேன். தேதி அவருக்கு நினைவில்லை. வேறொன்று சொன்னார்: “மொத நாளே சாரு என்ன டீக்கடையில புடிச்சு, ‘நாளைக்கு வூட்டம்மா கூப்புடுவாங்க, வேற வேல ஒத்துக்காதீங்க, மணலுக்கு நான் சொல்லிட்டேன்’னாரே?”

அம்மாவிடம் சொன்னேன். “அவன் கத உடறான். மணலு நான்தான் சொன்னேன்” என்றாள். அப்பாவிடம் கேட்டேன். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய நாளின் கிழமையும் நேரமும்கூட இன்றும் தப்பாமல் சொல்கிறவர், “ஞாபகம் இல்லியே பாப்பா” என்றார்.

கொத்தனார் சொன்னது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.