செம்பாறையை மறைத்த என் அத்தான்

என் அத்தான் கேதீஸ்வரன் கிளென் வேவர்லியில் முப்பது வருடமாக இருக்கிறார். அவரால் ஒரு பயனும் இல்லை என்று சொல்லமாட்டேன். வெயிலுக்கு நிழலாவது தருவார், ஆளின் அகலம் அப்படி. ஓய்வுபெற்ற பிறகு ஊர் சுற்றுகிறார். எதைக் கண்டாலும் அதற்கு முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நிற்பதுதான் அவருடைய சுற்றுலா. அவர் வீட்டு அல்பத்தில் நயாகரா அவரின் வலது காதிலிருந்து கொட்டுகிறது.

அக்கா கமலினிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அங்கே ஹெல்மி என்று ஒரு எஸ்தோனியக் கிழவி, தொண்ணூற்றொரு வயது. போருக்குப் பயந்து பத்து வயதில் கப்பலேறியவர், பிறகு ஊரைப் பார்த்ததேயில்லை. இப்போது கண் போய்க்கொண்டிருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குள் முழுவதும் இருட்டிவிடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அக்காவும் அத்தானும் பின்லாந்து போகிறார்கள் என்று கேட்டதும் ஹெல்மி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்து நாடுதான். போல்வா மாவட்டம். ஆற்றங்கரையில் செம்பாறை, அதன் அடியில் ஊற்று, ஊருக்குள் பழைய காகித ஆலை. படம் கொண்டு வா, கண் மூடுமுன் ஒருமுறை பார்க்கிறேன்."

அக்கா கெஞ்சிக் கூத்தாடி அத்தானை அங்கே கூட்டிப்போனாள். அவளுடைய போன் ஹெல்சிங்கியிலேயே செத்துவிட்டது, அத்தானின் போன்தான் கதி. அங்கே நடந்ததை அவள் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள்.

"கொஞ்சம் விலகுங்கோவன், பாறையை மட்டும் ஒண்டு எடுக்கிறன்."

"உனக்கென்ன விசரே? ஆளில்லாத கல்லை எடுத்து என்ன செய்யப்போறாய்? நான் நிண்டால்தானே போனதுக்குச் சாட்சி!"

சாட்சியாம்! எந்தக் கோர்ட்டில் இவரைக் கூப்பிட்டார்கள்? பாறை, ஊற்று, ஆலை, ஒன்றையும் விடாமல் நந்தி மாதிரிக் குறுக்கே நின்றிருக்கிறார்.

திரும்பி வந்ததும் படம் காட்ட அவரே புறப்பட்டார். அக்காவும் நானும் கூடப் போனோம். ஹெல்மி போனை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். அத்தானின் தொப்பிக்கு மேலே விரற்கடை அளவு சிவப்பு தெரிந்தது.

"என் பாறை! இந்த மனிதரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்" என்று விரலால் அவரை ஓரமாகத் தள்ளினார். படம் நகர்ந்து அடுத்த படம் வந்தது. அதிலும் அவர். மறுபடி தள்ளினார். மறுபடியும் அவர். இருபத்திமூன்று படங்களையும் அந்தக் கிழவி தள்ளிப் பார்த்துவிட்டுப் போனை மெல்ல மடியில் கவிழ்த்து வைத்தார்.

காரில் ஏறியதும் அத்தான் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சொன்னார்: "மனிசி என்ர ஒரு படத்தையும் விடேல்ல, பாத்தியே கமலினி?"