நான் ஊமையாக்கிய இயந்திரம்

ஒட்சிசன் இயந்திரத்தின் எச்சரிக்கை மணியை அறுத்தவன் நான்தான். ஒரு நோயாளிக்குக் காற்றுப் போதவில்லை என்று அது கத்தியது. நான் அதன் வாயை அடைத்தேன்.

நான்கு வருடங்களாக இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... நீங்கள் என் முகத்தை அறியாதவர் என்பதால் வந்த துணிவு இது, வேறொன்றுமில்லை.

மலையகத்து ஹல்துமுல்லையில் மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் சிறிய கடை என்னுடையது. சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கொண்டுவரும் சாமான்கள் எல்லாம் என்னிடம்தான் வரும். அவற்றில் பல நூற்றுப் பத்து வோல்ட்டுக்குச் செய்தவை. நமக்கோ இருநூற்று முப்பது. நானே சுற்றிய ட்ரான்ஸ்போமரை இடையில் மாட்டினால் ஓடும். அதனால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் எனக்குப் பெரிய பெயர். அந்தப் பெயர்தான் என்னைக் கெடுத்தது.

ஸ்டெல்லா சவூதியில் ஒரு வயோதிபப் பெண்ணைப் பராமரித்தவள். அந்த அம்மா இறந்ததும், அவர் பாவித்த ஒட்சிசன் இயந்திரத்தை வீட்டார் இவளுக்கே கொடுத்துவிட்டார்கள். இவளுடைய அப்பா சவரிமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். அவருக்காகவே அதைப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தாள்.

அவர்கள் வீட்டுக்குப் போய் அதன் பின்பக்கத் தகட்டை வாசித்தேன். நூற்றுப் பதினைந்து வோல்ட். அறுபது ஹேர்ட்ஸ்.

அந்த அறுபதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்! ட்ரான்ஸ்போமர் வோல்ட்டை மட்டுமே குறைக்கும். விநாடிக்கு அறுபது துடிப்புக் கேட்கும் மோட்டருக்கு நம் கரண்ட் ஐம்பதுதான் கொடுக்கும். அது மெதுவாகச் சுற்றும், சூடேறும். மின்விசிறி என்றால் காற்றுக் கொஞ்சம் குறையும், யாருக்கு என்ன கவலை? இதில் குறைவது ஒரு மனிதரின் மூச்சு.

"ஓடுங்களா அண்ணே?" என்றாள். அக்கம்பக்கத்தார் வாசலை அடைத்து நின்றார்கள்.

"என் ட்ரான்ஸ்போமர் இருக்கேம்மா. ஓடும்."

ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி கூப்பிட்டாள். "மஞ்ச லைட்டு எரியுதுண்ணே. விடாம கத்துது. அப்பாவுக்கு ஏதும் ஆயிருமா?"

பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ, இது இங்கே சரிவராது... இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. அதே ஆட்கள் அதே வாசலில் நின்றார்கள். நான் தோற்பதை அவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக, "நம்ம ஊரு கரண்டுக்கு அப்பிடித்தாம்மா கத்தும், ஒன்னுமில்ல" என்றேன். மூடியைக் கழற்றி மணியின் வயரை அறுத்தேன். மஞ்சள் விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

"இப்பதான் தம்பி நிம்மதி" என்றார் சவரிமுத்து. மூக்கில் குழாயோடு, என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு வாரம். மூச்சு வாங்கும்போதெல்லாம் ஸ்டெல்லா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். "மெஷின்தான் ஓடுதுல்ல, எதுக்கு அலையணும்?" என்று மறுத்திருக்கிறார். குழாய் மூக்கிலிருக்கவே ஒரு ஞாயிறு மத்தியானம் போய்விட்டார். இதையெல்லாம் செத்த வீட்டில் அவளே என்னிடம் சொன்னாள், எனக்கு நன்றி சொல்லும்போது. நானும் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தேன்.

எப்படியும் அதிக நாள் இருந்திருக்க மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். இருக்கலாம். ஆனால் அந்த மணி கத்தியிருந்தால் அவள் சும்மா இருந்திருப்பாளா? தூக்கிக்கொண்டு ஓடியிருக்க மாட்டாளா?

ஒரு மாதம் கழித்து இயந்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்தாள். "கொஸ்லந்தயில ஒரு அம்மாவுக்கு மூச்சு வாங்குதாம். அவங்களுக்குக் குடுத்துரலாம். ஒருக்கா பாத்துக் குடுங்கண்ணே."

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "மோட்டர் கருகிருச்சும்மா, வேற தேடிப் பாக்குறேன்" என்றேன். கருகவில்லை. அவள் போனபின் ட்ரான்ஸ்போமரைக் கழற்றிவிட்டு, நேராக இருநூற்று முப்பதில் மாட்டி நானே கருக்கினேன். கொஸ்லந்தை அம்மாவைக் காப்பாற்றினேன் என்று நீங்கள் நினைத்துவிட வேண்டாம். நான் காப்பாற்றியது என்னை!

அது இன்னும் என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. டேப்பை உரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. டவுனுக்கு வரும்போதெல்லாம் ஸ்டெல்லா எட்டிப் பார்ப்பாள்.

"மோட்டரு ஏதும் கெடச்சிச்சாண்ணே?"

"தேடிக்கிட்டுத்தாம்மா இருக்கேன்."

"எங்களால ஒங்களுக்குத்தான் எவ்வளவு கரச்சல்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.