டாக்டரம்மாவின் நாற்காலி

ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கிவிட்டு, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, "உக்காருங்க, கைய நீட்டுங்க" என்றாள். என்னிடம்தான். பத்திரிகையில் எழுதுகிறவள் என்று சொல்லித்தான் உள்ளே போயிருந்தேன். "சொல்றவங்கல்லாம் சொன்னபடி இருந்துட்டா எனக்கு எதுக்குக்கா இந்தப் பாடு?" என்று நகம், கண், கழுத்து எல்லாம் பார்த்தாள். வாயை ஊதச் சொன்னாள். "காப்பி. சர்க்கரை போடல" என்று விட்டுவிட்டாள். நான் எழுந்ததும் ஈரத்துணியால் நாற்காலியைத் துடைத்தாள். எனக்குச் சுருக்கென்றது.

பாலியல் தொழில் செய்கிறவள். ஆண்கள் வந்து போகிற அந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும்தான் அவள் வீடு, அலுவலகம் எல்லாம். வருகிற ஒவ்வொருவரையும் இப்படி உட்கார்த்திப் பார்ப்பதால் தெருவில் 'டாக்டரம்மா' என்று பெயர். கிண்டல்தான். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமை. பேசும்போது முகத்தைப் பார்க்காமல் எதிராளியின் கைகளையே பார்ப்பாள். நான் இரண்டு கையையும் மடியில் ஒளித்துக்கொண்டேன்.

"இந்தத் தொழிலில் என்னம்மா பெரிய ஒழுங்குமுறை?" என்று கேட்டேன்.

"முடி வெட்டறவரு பழைய பிளேட எடுத்தா ஆம்பளைங்க கத்துவாங்கல்ல? அங்க வெறும் தாடிதான்க்கா. இங்க உசுரு."

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. பேச்சு நன்றாக இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போவாளாம். முடிவு கைக்கு வரும்வரை வாசலில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிடுவாளாம். வாளி கவிழ்ந்திருந்தால் யாரும் கதவைத் தட்டக் கூடாது. பத்திரிகைக்காரி வருகிறாள் என்றால் வாளி என்ன, வீடே கவிழ்ந்து காட்டாதா? எதிர் வீட்டுத் தையல்காரியிடம் மெதுவாக விசாரித்தேன். "ஐயோ, அது கவுந்திருந்தா நான் ஊசி இரவல் கேக்கக்கூடப் போகமாட்டேன். அவ மூஞ்சி கடுகடுன்னு இருக்கும்" என்றாள். அப்போதும் எனக்கு மனசு ஆறவில்லை. இருவரும் சொல்லி வைத்துக்கொண்டு பேசலாமே?

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டேன். வியாதி கையில் எழுதி ஒட்டியிருக்குமா? வெறும் கண்ணால் பார்த்து என்ன கண்டுபிடிப்பாய்? இதெல்லாம் ஊரை ஏமாற்றுகிற வேலைதானே?

அவள் கோபப்படவில்லை. "கண்ணுக்குத் தெரியறது கொஞ்சந்தான். தெரியாததுக்குத்தான் ஆணுறை. அதுல ஆளு பேரு பாக்கறதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "நாற்காலி எதுக்குன்னா, உக்காருன்னா உக்கார்றவன் உறை போடுன்னாலும் போடுவான். இங்கயே முறைக்கிறவன் கதவ சாத்தினப்புறம் நம்ம பேச்ச கேக்கவே மாட்டான்."

அதற்குள் வாசலில் வீட்டுச் சொந்தக்காரரின் இருமல் கேட்டது. என்னைச் சமையல்கட்டுக்குள் தள்ளித் திரையை இழுத்துவிட்டாள். அவர் காலி செய் என்றால் தெருவில்தான் நிற்க வேண்டும், இந்தத் தொழில்காரிக்கு வேறு யார் இடம் கொடுப்பார்கள் என்று சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். வாடகை வாங்க வரும்போதெல்லாம் அவர் செருப்போடு வாசலிலேயே நின்றுவிட்டுப் போவாராம். இன்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். வாடகைக்கு வந்தவர் மாதிரி இல்லை என்று திரை இடுக்கிலேயே தெரிந்தது.

"உக்காருங்கண்ணே" என்று நாற்காலியைக் காட்டினாள்.

"எனக்கேவா? என் வீட்லயே என்னைச் சோதிக்கிறியா?" என்று சிரித்தார்.

அவளும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை. போச்சு, இவ்வளவுதான் இவள் சட்டம் என்று நினைத்தேன். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் பரிசோதனை, வீட்டுக்காரருக்கு மட்டும் சலுகை. கட்டுரைக்கு முடிவு கிடைத்துவிட்டது என்று அல்பமாக ஒரு சந்தோஷம்கூட வந்தது.

"வெளிச்சம் நல்லா இருக்குண்ணே. ஒரு நிமிஷம் உக்காருங்க."

"உக்காரலன்னா?"

அவள் அறையை ஒருமுறை பார்த்தாள், கட்டிலை, அலமாரியை, சுவரோரம் அடுக்கிய பாத்திரங்களை.

"அப்ப செருப்ப மாட்டிக்கோங்கண்ணே."

அவர் முகம் சிவந்துவிட்டது. "ஒன் யோக்கியதைக்கு இது வேறயா? இந்த மாசத்தோட காலி பண்ணிடு" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

நான் வெளியே வந்தேன். அவள் என்னைக் கவனிக்கவே இல்லை. ஈரத்துணியை எடுத்துப் பிழிந்து, அவர் உட்காராமலே போன அந்த நாற்காலியை அழுத்தித் துடைக்கத் தொடங்கினாள்.