நன்றி வராத வெள்ளிக்கிழமை

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிக்கு முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. போனை எடுத்த செல்வி அக்கா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன எங்கள் புஷ்பம் அக்கா இறந்துபோனார். எங்களோடு காய் கட்டியவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு அவர் வீட்டுக்கு வந்துபோனவர்களுக்கு அங்குள்ள வழக்கம் தெரியும். முதல் சுற்றில் நன்றி மட்டும்தான் சொல்ல வேண்டும். கேட்பதெல்லாம் அடுத்த சுற்றில். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் முன்னால் பேச வாய் வராது. என் பங்கையும் அக்காவே சொல்லிவிடுவார். மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, சொத்தையில்லாத கத்திரிக்காய் அமைந்தது என்று அவர் நன்றி நீண்டுகொண்டே போகும்.

"ஆண்டவர் தூங்கிரப் போறாரு, முடிடி" என்பார் செல்வி அக்கா.

"தூங்கட்டும், பாவம். நாள் பூரா கேக்குறவுக சத்தந்தான அவருக்கு."

போன வருஷம் அப்பா மூட்டையோடு லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அந்த வாரம் ஜெபத்துக்கு வந்த விருந்தாளி ஒருவர், இதற்கும் நன்றி சொல்லம்மா என்றார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அக்கா பின்னாலேயே வந்து வாசலில், செருப்புகளை ஒதுக்கிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு நன்றியே வரவில்லை என்றேன்.

"வராதத வந்த மாதிரி சொல்லாத புள்ள. அழுது முடி. அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல."

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அப்பா டீ கேட்டார். அதுவும் சர்க்கரை தூக்கலாக. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். வார்டே திரும்பிப் பார்த்தது. மெதுவாகச் சொன்னாலும் அவருக்குக் கேட்கும் என்று, துணைக்கு வந்திருந்த புஷ்பம் அக்கா என் முதுகில் தட்டினார். அவர் கண் நனைந்திருந்தது.

அடக்கம் முடிந்து வந்த வெள்ளிக்கிழமை, அக்கா வீட்டுக்காரர் என்னை ஆரம்பிக்கச் சொன்னார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"நன்றி வரலைங்க மாமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "எனக்கும் வரல."

அன்றைய முதல் சுற்றில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அழுதுவிட்டு எழுந்து வந்தோம்.

சாமியிடம் பொய்யாக நன்றி சொல்லாமல் இருப்பதுதான் அக்கா எனக்கு விட்டுப்போனது. அவர் போனதற்கு இன்னும் எனக்கு நன்றி வரவில்லை. ஆனால் நேற்று மார்க்கெட்டில், புஷ்பம் அக்கா கமிஷன் கடைக்காரரிடம் டீக்காகச் சண்டை போட்டதைச் செல்வி அக்கா அப்படியே நடித்துக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்கு மட்டும் நன்றி வந்தது. கையிலிருந்த காய்க்கட்டை இறக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னேன்.