வாய்க்கால் வலைப்பூவில் பிசகிய நாள்

பனையடி வாய்க்கால் பாசன விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஏழு கிலோமீட்டரில், அந்த வாய்க்கால் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடைக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு அதை நடத்திவந்தவள் மதிவதனி.

அவளுக்கு முப்பத்தாறு வயது. அப்பாவும் அம்மாவும் பிறத்தியார் வயலில் நாற்றுப் பறித்தவர்கள். அவள் பி.காம். முடித்து, கல்யாணம் வரைக்கும் நீடாமங்கலத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்தாள். இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர், குத்தகைக்கு இரண்டு ஏக்கர். கணவன் பகலவன் அறுவடை மெஷின் ஓட்டுபவன். சீசன் வந்தால் திருவண்ணாமலை, விழுப்புரம் என்று போய்விடுவான். வயலும் வலைப்பூவும் அவள் ஒருத்தி பொறுப்பு.

வலைப்பூ தொடங்கியதற்குக் காரணம் வாட்ஸப். சங்கத்துக்கென்று ஒரு குழு இருந்தது. ஆனால் தண்ணீர் எப்போது வரும் என்ற செய்தி காலை வணக்கப் படங்களுக்கும் காதணி விழா அழைப்பிதழ்களுக்கும் அடியில் போய்ப் புதைந்துவிடும். வாய்க்கால் தொடங்கும் பக்கத்துத் தலைமடைக்காரர்கள் பலர் குழுவிலேயே இல்லை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்தார்கள். ஊர்ச் செய்தியை அவர்கள் அங்கே பார்த்து, இங்கே அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்வார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஓர் இடம் இருந்தால் நல்லது என்று மதிவதனிக்குத் தோன்றியது. ஒரு மத்தியான நேரத்தில் மின்னஞ்சல் முகவரி கொடுத்தாள், பெயர் கொடுத்தாள், கேட்ட கேள்விக்கெல்லாம் 'சரி' என்று அழுத்தினாள், வலைப்பூ பிறந்துவிட்டது. எல்லாமே இலவசம். வந்துபோகிறவர்களை எண்ணிக் காட்டும் பெட்டி ஒன்றை எங்கிருந்தோ எடுத்து ஒட்டினாள். ஓரத்தில் உரக்கடை, டிராக்டர்காரர், நடவு ஆட்கள் என்று நாற்பது பேருடைய தொலைபேசி எண்களை உட்கார்ந்து தட்டச்சு செய்தாள்.

மூன்று வருஷம் ஒரு வம்பும் இல்லை. நெல் ரகம், பூச்சி மருந்து, சங்கக் கூட்டம் என்று சாயங்காலத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் தண்ணீர் குறைந்துபோனது. புரட்டாசி பிறந்ததும் வாய்க்காலில் முறை வைத்தார்கள். ஒரு நாள் தலைமடைக்கு, ஒரு நாள் கடைமடைக்கு. வருகிற அளவைப் பொறுத்து அந்த வரிசையும் மாறும். மதகைப் பார்த்துக்கொள்ளும் நடராசன் பெரும்பாலும் காலையில், சில நாள் மத்தியானத்துக்கு மேல் மதிவதனிக்குப் போன் செய்து சொல்வார். அவள் உடனே வலைப்பூவில் எழுதி, அதன் இணைப்பைக் குழுவிலும் போட்டுவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை காலை நடராசன் அழைத்தார். 'நாளை பகல் முழுவதும் தலைமடை முறை' என்று எழுதிவிட்டுக் களை பறிக்கப் போனாள். பிற்பகல் அவள் வீடு திரும்பியபோது வாசலில் துரைராசு நின்றுகொண்டிருந்தார். தலைமடையில் பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மனிதர். இந்தத் தெருவுக்கு அவர் வந்து அவள் பார்த்ததில்லை.

"ஏம்மா, தண்ணி எங்க?" என்றார்.

"நாளைக்குத்தாங்க அய்யா."

"நாளைக்குன்னு நேத்து எழுதியிருக்க. அப்ப இன்னைக்குத்தான?"

அவள் இன்றைக்குத்தான் எழுதினேன் என்றாள். தன் மகன் ராஜராஜன் சிங்கப்பூரிலிருந்து பார்த்துவிட்டுத்தான் சொன்னான், அவனுக்குத் தேதி பார்க்கத் தெரியாதா என்று அவர் கேட்டார். மூன்று ஆட்களோடு பதினொரு மணியிலிருந்து மதகடியில் காத்திருந்ததாகச் சொன்னார். அவள் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மதிவதனி போனை எடுத்து வலைப்பூவைத் திறந்தாள். எழுதியது எழுதியபடி இருந்தது. தலைப்புக்கு மேலே பொடி எழுத்தில் தேதி இருந்தது. இத்தனை நாளில் அவள் அதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. புதன், செப்டம்பர் 18 என்று இருந்தது. அன்று பத்தொன்பது.

நேற்றா எழுதினோம்? நடராசன் நேற்றா பேசினார்? அழைப்புப் பட்டியலைப் பார்த்தாள். இன்று காலை பத்து மணி ஐந்து நிமிஷம். முந்தைய பதிவுகளைப் புரட்டினாள். ஒன்றில் தேதி சரி. அடுத்ததில் ஒரு நாள் பின்னால். அதற்கடுத்த இரண்டும் சரி. ஒரேயடியாகத் தப்பு என்றாலும் ஏதாவது பிடி கிடைக்கும். ஒரு நாள் சரியாகவும் ஒரு நாள் தப்பாகவும் இருந்தால் எதைப் பிடிப்பது?

வெள்ளிக்கிழமை முறைப்படி மதகு திறந்தது. துரைராசுவும் அவரைச் சேர்ந்தவர்களும் அவள் சொன்னதை நம்பாமல், முறை போய்விட்டது என்று நினைத்து வாய்க்கால் பக்கம் வரவேயில்லை. வயல் மடைகளைத் திறக்க ஆளில்லாமல் தண்ணீர் நேரே கடைமடைக்கு ஓடிவந்து மதிவதனியின் வயலிலும் பாய்ந்தது. ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. தன் ஆட்களுக்கு வாட்ஸப்பில் சரியான நாளைச் சொல்லிவிட்டு, தலைமடைக்கு மட்டும் வலைப்பூவில் வேறு தேதி போடுகிறாள் என்றார்கள். குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கடைமடைக்காரர்கள். வலைப்பூவை மட்டும் நம்பி இருந்தவர்கள் தலைமடைக்காரர்கள். யார் கேட்டாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். அவளுக்கே, தன்னை அறியாமல் ஏதாவது செய்துவிட்டோமோ என்று இருந்தது.

முதலில் அந்த எண்ணிக் காட்டும் பெட்டியின் மேல் அவளுக்குச் சந்தேகம் வந்தது. சில நாட்களாக அதைத் தொட்டால் ஏதோ சீட்டு விளையாட்டு விளம்பரம் திறந்தது. அதுதான் தேதியையும் கெடுக்கிறது என்று முடிவு செய்து எடுத்துப் போட்டாள். திங்கட்கிழமை காலை எழுதிய பதிவும் ஞாயிற்றுக்கிழமைத் தேதியோடு வந்தது. அடுத்தபடியாக வலைப்பூவின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருவையே மாற்றிப் பார்த்தாள். புதிய வார்ப்புரு பளபளவென்று வந்து நின்றது. ஓரத்தில் இருந்த நாற்பது தொலைபேசி எண்களையும் காணோம். தேதி மட்டும் பழையபடியே பின்தங்கி நின்றது.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தமிழில் வலைப்பூ எழுதுகிறவர்களின் குழு ஒன்றில் பழக்கமானவர் நாகப்பட்டினம் சித்தீக். மீன்பிடித் துறைமுகத்தில் காற்று, அலை நிலவரம் எழுதுபவர். அவருக்குப் போன் போட்டாள். வார்ப்புருவில் கை வைப்பதற்கு முன்னால் வலைப்பூவை முழுசாக இறக்கிக் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொண்டாளா என்று அவர் கேட்டார். அப்படி ஒரு பொத்தான் இருப்பதே அவளுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை அதை அழுத்திவிடுங்கள், வார்ப்புருவுக்குத் தனி நகல், பதிவுகளுக்குத் தனி நகல் என்றார். வலைப்பூ ஒரே ஒரு மின்னஞ்சலில் தொங்கிக்கொண்டிருந்தால் அது பூட்டிக்கொண்ட அன்றைக்கு எல்லாம் போய்விடும், நம்பிக்கையான இன்னொருவரையும் பொறுப்பாளராகச் சேர்த்து வையுங்கள் என்றார். யாரென்று தெரியாதவர்கள் இலவசமாகத் தரும் பெட்டிகளை ஒட்டினால் அவர்கள் நம் வாசலில் கடை போடுவார்கள், எண்ணிக்கை பார்க்க வலைப்பூவுக்குள்ளேயே வசதி இருக்கிறது என்றும் சொன்னார். எல்லாவற்றையும் அவள் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். தேதி விஷயத்துக்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை. அவருடையதில் சரியாகத்தான் வருகிறதாம்.

புதன்கிழமை மாலை நெல் கொள்முதல் ஷெட்டில் சங்கம் கூடியது. துரைராசு நீடாமங்கலம் பிரவுசிங் சென்டரில் மதிவதனியின் பதிவுகள் ஆறையும் பிரிண்ட் எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு தாளாக எடுத்துப் படித்தார்.

"பதினெட்டாந் தேதி, ராத்திரி ஒம்பது நாப்பத்திரண்டுக்கு எழுதியிருக்க. கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா?"

மதிவதனிக்கு அந்த நேரம்தான் உறுத்தியது. ராத்திரியில் அவள் எதையும் எழுதுவதில்லை. போனை எடுத்து, அந்தப் பதிவின் இணைப்பைக் குழுவில் எப்போது போட்டாள் என்று பார்த்தாள். பத்தொன்பதாம் தேதி காலை 10:12. அடுத்த தாளைக் கேட்டாள். அதில் ராத்திரி 8:20 என்று இருந்தது. குழுவில் மறுநாள் காலை 8:50. தேதி சரியாக இருந்த தாள் ஒன்றை எடுத்தார்கள். குழுவில் பிற்பகல் 3:15. தாளில் அதே நாள் விடியற்காலை 2:45.

"வெடியக்காலம் ரெண்டே முக்காலுக்கு எந்திரிச்சு நான் எதுக்கு அய்யா எழுதப்போறேன்?" என்றாள். யாரோ சிரித்தார்கள். அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். எல்லாத் தாளிலும் பன்னிரண்டரை மணி நேரம் குறைந்தது. பகல் பன்னிரண்டரை மணிக்கு முன்னால் எழுதினால் முந்தின நாள், அதற்குப் பின்னால் எழுதினால் அதே நாள். ஏன் குறைகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. சங்கத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. கூட்டம் அப்படியே கலைந்தது.

வீட்டுக்கு வந்து சித்தீக்கிடம் பன்னிரண்டரை என்று சொன்னதுமே அவர், "அமெரிக்கா கடியாரம் ஓடுதும்மா. அமைப்புக்குள்ள போயி நேர மண்டலம்னு இருக்கும், பாருங்க" என்றார். பார்த்தாள். முதல் நாள் 'சரி, சரி' என்று அழுத்தியபோது அமெரிக்காவின் மேற்குக் கரை நேரத்துக்கும் சரி சொல்லியிருந்தாள். பட்டியலில் சென்னையைத் தேடினாள், இல்லை. இந்தியாவையும் காணோம். கொல்கத்தா என்று போட்டிருக்கும், அதுதான் நம்முடையது என்று சித்தீக் சொன்னார். தயங்கித் தயங்கி அதைத் தேர்ந்து சேமித்தாள். தேதிகள் எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன. அன்றுதான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை துரைராசு மறுபடி வந்தார், கையில் அதே தாள்களோடு. முகம் முன்னைவிடக் கடுத்திருந்தது. பழைய பதிவுகளின் தேதியையெல்லாம் ராவோடு ராவாகத் திருத்திவிட்டாள் என்று ராஜராஜன் அவருக்குப் போன் செய்திருந்தான். தாளில் பதினெட்டு இருந்தது. வலைப்பூவில் பத்தொன்பது. சரி செய்ததே குற்றமாகிவிட்டது. நேர மண்டலத்தை மாற்றினால் பழைய பதிவுகளும் சேர்ந்து நகரும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

போனை அவரிடம் நீட்டினாள்.

"நான் தொடல அய்யா. நீங்களே அழுத்துங்க."

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவள் காட்டிய இடத்தில் அமெரிக்காவைத் தேர்ந்து சேமித்தார். பதிவைத் திறந்தார். செப்டம்பர் 18, இரவு 9:42. தாளோடு ஒத்துப் பார்த்தார். பிறகு கொல்கத்தா. செப்டம்பர் 19, காலை 10:12. நம்பாமல் திரும்ப அமெரிக்கா, திரும்பக் கொல்கத்தா என்று மூன்று தடவை செய்து பார்த்தார். அவருடைய விரலுக்குக் கீழேயே தேதி முன்னும் பின்னும் போய்வந்தது.

"அப்ப என் பையன் பாத்தது?"

"அவரு பாத்ததும் சரிதாங்க. நான் எழுதுனதும் சரிதாங்க."

"ரெண்டும் சரின்னா எதுதாம்மா தப்பு?"

"மொத நாளு கேட்டதுக்கெல்லாம் படிச்சுப் பாக்காம சரி குடுத்தேன். அப்புறம் கெழமை போடாம நாளைக்கு நாளைக்குன்னே எழுதிட்டிருந்தேன். அதுதாங்க தப்பு."

துரைராசு தாள்களை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தண்ணீர் கொண்டுவரச் சொல்லி வாங்கிக் குடித்துவிட்டு, போன வாரம் பாயாத இரண்டு வயல் வெடித்துக் கிடக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் தலைமடைக்கு ஒரு நாள் முறை கூடுதலாகக் கொடுக்கலாம் என்று மதிவதனிதான் எழுந்து சொன்னாள். கடைமடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். நம் வயலில் பாய்ந்தது அவர்கள் முறைத் தண்ணீர்தானே என்று அவள் கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். நடராசன் ஞாயிற்றுக்கிழமை மதகைத் திறந்தார். அந்தப் பதிவில் அவள் கிழமை எழுதினாள், ஆங்கிலத் தேதி எழுதினாள், புரட்டாசி எத்தனாம் தேதி என்றும் எழுதினாள். வலைப்பூவுக்கு இரண்டாவது பொறுப்பாளராக ராஜராஜனைச் சேர்த்தாள். அதைக் கேட்டுக் கடைமடையில் சிலர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். தொலைந்துபோன நாற்பது எண்களில் இருபத்தாறைத்தான் திரும்பச் சேகரிக்க முடிந்தது.

அந்த வாரக் கடைசியில் பகலவன் திருவண்ணாமலையிலிருந்து பேசினான். நடந்ததையெல்லாம் சொன்னாள். அவனுக்கு அந்த அமெரிக்க நேரம்தான் பிடிபடவில்லை.

"நமக்கு இப்ப காலையில பத்து மணி. அங்க?"

"நேத்து ராத்திரி."

"அப்ப அவங்களுக்கு நாம நாளைக்கா?"

மதிவதனி யோசித்தாள். ஆமாம் என்று தோன்றியது. அப்படியானால் அங்கே இருப்பவன் 'நாளை' என்று எழுதினால் அது இங்கே இன்றைக்கா, அல்லது இங்கேயும் நாளைக்கா என்று இன்னொரு கேள்வி கிளம்பியது. விரலை மடக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாள்.

"நீங்க போயி வண்டிய எடுங்க" என்றாள்.